விவாகரத்தின் பின் தொடர்மாடிக்கு வரும் பெற்றோர்: பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவை

விவாகரத்து என்றதும் நாங்கள் இளம் தம்பதிகளைத்தான் நினைக்கிறோம். ஐம்பத்தைந்து, அறுபது வயதைக் கடந்தவர்களும் பிரிகிறார்கள். ஒருவர் வெளிநாட்டிலும் மற்றவர் ஊரிலுமாகப் பல வருடங்கள் வாழ்ந்து அந்நியராகிப் போனவர்கள் இருக்கிறார்கள். "பிள்ளையள் கரைசேரட்டும்" என்று அடி உதையைப் பொறுத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். வழக்கு முடியும்போது வீடு ஒருவர் பக்கம் போகிறது, அல்லது விற்கப்படுகிறது. மற்றவர் பிள்ளை வேலை செய்யும் நகரத்துக்கு வருகிறார். வடக்கு, கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு அது பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றாக இருக்கிறது.

என் அம்மா அறுபத்தொரு வயதில் அப்படி வந்தவர். வலிகாமத்தில் கிணறும் மாமரமும் உள்ள வளவிலிருந்து வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு வந்து இப்போது இரண்டு வருடமாகிறது. இந்தக் காலத்தில் நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையும், இதே நிலையிலுள்ள வேறு குடும்பங்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். அம்மாவின் அனுமதியுடன்தான் எழுதுகிறேன்.

இது எத்தனையாவது இடம்பெயர்வு?

எங்கள் பெற்றோருக்கு வீடு மாறுவது புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களில் அம்மாவும் ஒருவர். அப்போது நான் கைக்குழந்தை. தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்துவிட்டு, 1996இல் திரும்பிப் போனபோது கூரையில்லாத வீடு இருந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நீளம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரம் வரை அது போகும்.

இந்த இடப்பெயர்வுகள் எதிலும் எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எப்போது திரும்புவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. விவாகரத்தின் பிறகு பிள்ளைகள் நாங்கள் அன்பின் பெயரால் செய்வதும் பல வேளைகளில் இதேதான். மூத்தவர் கனடாவிலிருந்து பணம் அனுப்புவார், இளையவர் வீடு பார்ப்பார், வட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்துவிட்டு அம்மாவுக்கு பஸ் ரிக்கெற் போடுவோம். புதிய வீட்டில் லிப்ட் இருக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஆனால் அவருடைய மனதில் அது இன்னொரு முகாமாகத்தான் பதியும்.

ஒரு பெற்றோர் தொடர்மாடியில் நிலைகொள்வாரா என்பது வசதிகளை விட, அந்த வீட்டில் அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. நான் பார்த்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதைக் கண்டேன். கீழே சொல்லும் நடைமுறைகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

முதலில் கடதாசிகள்

வீடு பார்க்கும் முன் சட்டநிலையைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் இருவரும் சம்மதித்தால் மட்டும் விவாகரத்துக் கிடைக்காது. பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை ஆகியவையே 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஏற்கும் காரணங்கள். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். முதலில் தற்காலிகத் தீர்ப்பு வரும். மூன்று மாதமேனும் கழிந்த பிறகே இறுதித் தீர்ப்பு. அதுவரை சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவிதான்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்த மூன்று மாதம் மிக முக்கியம். தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சீதனக் காணி அவருடைய தனிச்சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அந்த அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுத மட்டும் சம்மதம் தேவையில்லை. கொழும்பில் முற்பணம் கட்ட அம்மா தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க நினைத்தார். அப்பாவின் கையெழுத்துக் கிடைக்கவில்லை. இறுதித் தீர்ப்பு வரும் வரை காத்திருந்து, அதன் பிறகு தன் ஒற்றைக் கையெழுத்தில் விற்றார்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், இருவரும் சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால், கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது அவர் நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்கலாம். வழக்குப் போடாமல் ஊரளவில் பிரிந்து வாழும் பெண்கள் பலருக்கு இது தெரியாது. இந்தச் சம்மத விதியை நீக்க வேண்டுமென்று பெண்கள் நீண்டகாலமாகக் கேட்டு வருகிறார்கள். ஆகவே உறுதி எழுதும் நாளில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதென்று நொத்தாரிசிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். திருமணக் காலத்தில் சேர்த்த தேடிய தேட்டம் வேறு விடயம். அது யாருக்கு எப்படிப் பிரிகிறது என்பதை வழக்கிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பின்னர் உறவினர் மத்தியஸ்தத்தில் விடப்பட்ட காணிகள் பல இன்றும் வேலி அடைபடாமல் கிடக்கின்றன.

வழக்கு முடியுமுன் செலவுக்குப் பணமில்லாத ஒருவர், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வாழ்க்கைத் துணையிடம் தாபரிப்புக் கேட்கலாம். விவாகரத்தின் பின்னான தாபரிப்பை விவாகரத்து வழக்கிலேயே கேட்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இறுதித் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதிகள் சிலவற்றை எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு, காப்புறுதி, ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றில் பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் இருக்கிறதென்று பாருங்கள். விவாகரத்து நடந்துவிட்டதால் அது தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். பழைய மரணசாசனம் இருந்தால் புதிதாக எழுதுவிக்கலாம். எல்லா மூலப் பிரதிகளும் பெற்றோரிடமே இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பிரதி போதும். இடம்பெயர்ந்தபோது உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அந்தப் பையை நாங்கள் வாங்கி வைப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரியாது.

யாருடைய பெயரில் வீடு?

வாடகை ஒப்பந்தம் பெற்றோரின் பெயரில் இருக்கட்டும். வாடகையைப் பிள்ளை கட்டினாலும் ஒப்பமிடுபவர் அவராக இருக்கலாம். வயதான, தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு தர மாட்டோம் என்று இரண்டு உரிமையாளர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். "மகன் பேரில எழுதுங்கோ" என்றார் ஒரு தரகர். மூன்றாவது உரிமையாளர் சம்மதித்தார். ஒப்பந்தம் எழுதி முடிந்து சாவிக்கொத்தைக் கொடுத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "மற்றத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லுங்கள். மாற்றுத் திறப்பு யாரிடம் இருக்க வேண்டுமென்று அவரே முடிவு செய்யட்டும். எங்கள் வீட்டில் அது என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

வாங்குவதாயின் கூடுதல் கவனம் தேவை. தொடர்மாடி வீட்டுரிமை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் ஆளப்படுகிறது. வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததே அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். படிக்கட்டு, லிப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கி போன்ற பொதுப் பகுதிகளை அதுவே பராமரிக்கும், அதற்கான பணத்தையும் உரிமையாளர்களிடம் அறவிடும். வாங்க முன் இவற்றைக் கேளுங்கள்: இந்த வீட்டுக்குத் தனி உறுதி இருக்கிறதா? கட்டடம் தொடர்மாடித் திட்டமாகப் பதியப்பட்டிருக்கிறதா? மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பழைய உரிமையாளர் பாக்கி வைத்திருக்கிறாரா? தகராறு வந்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பெற்றோரையும் கூட்டிச் செல்லுங்கள். அங்கே பார்க்க வேண்டியவை:

லிப்ட் மின்பிறப்பாக்கியில் இயங்குமா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறக்க வேண்டாம். முழங்கால் வலியுள்ளவருக்கு எட்டாம் மாடி அப்போது சிறையாகிவிடும். மூன்றாம் மாடிக்கு மேல் வேண்டாமென்று அம்மா சொன்னதற்கு அதுவே காரணம்.

குளியலறையில் வழுக்காத தரையும், பிடித்து எழும்பக் கைப்பிடி பூட்ட இடமும் இருக்கிறதா? மலசலகூடம் அவர் பழகிய வகையா?

தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர் எத்தனை மணிக்குப் போடுவார்கள்? கிணற்றில் நினைத்த நேரம் அள்ளிக் குளித்தவருக்கு இது பெரிய மாற்றம்.

கோயிலோ தேவாலயமோ, மீன் சந்தை, மருந்துக்கடை, தமிழ் பேசும் வைத்தியர் ஆகியவை காலி வீதியைத் தனியாகக் கடக்காமல் நடந்துபோகும் தூரத்தில் உள்ளனவா?

பின்னேரம் நாலு மணிக்கு யன்னலால் வெளிச்சமும் காற்றும் வருகிறதா? காலையில் மட்டும் பார்த்துவிட்டு ஒப்பமிட வேண்டாம்.

முதல் மூன்று மாதம்

பழக வேண்டியவற்றை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட முடியாது. லிப்டில் முதல் வாரம் கூடவே ஏறி இறங்குங்கள். இடையில் நின்றால் எந்தப் பொத்தானை அழுத்துவது, யாரை அழைப்பது என்று ஒருமுறை செய்தே காட்டுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவாயின் திறப்பைக் கழுத்திலோ கைப்பையிலோ வைக்கும் பழக்கம் வேண்டும். எரிவாயு சிலிண்டரின் றெகுலேற்றரை இரவில் மூடுவதையும், மணம் வந்தால் மின்விளக்கைப் போடாமல் யன்னலைத் திறப்பதையும் பழக்குங்கள். 2021 இறுதியில் நாடெங்கும் நடந்த எரிவாயு வெடிப்புகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மூடிய சிறு சமையலறை அச்சம் தரும். அந்தப் பயத்தைப் பரிகசிக்காதீர்கள்.

மொழி இன்னொரு சுவர். காவலாளி, லிப்ட் திருத்துபவர், தண்ணீர்க் குழாய் வேலையாள் என்று பலரும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். "வத்துற நெஹெ" (தண்ணீர் இல்லை), "லிப்ட் எக்க வெட நெஹெ" (லிப்ட் வேலை செய்யவில்லை) போன்ற பத்து வசனங்களைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். அம்மா ஒரு மாதத்தில் அந்தத் தாளைக் கழற்றிவிட்டார். அரச அலுவலகங்களில் தமிழில் விண்ணப்பிப்பதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, வாக்காளர் இடாப்பு, அறுபது வயதானால் முதியோர் அடையாள அட்டை ஆகியவற்றை முதல் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பதிவு என்ற சொல்லே சிலரைக் குலைத்துவிடும். போர்க்காலத்தில் கொழும்பில் தமிழர் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் விடுதியில் தங்க முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் விடுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நினைவுள்ளவரிடம் சீருடையில் ஒருவர் வாசலில் நின்று அடையாள அட்டை இலக்கம் கேட்டால் கை நடுங்கும். காவலாளியை முதல் நாளே பெயர் சொல்லி அறிமுகம் செய்து வையுங்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் திறக்கத் தேவையில்லை, முதலில் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று சொல்லுங்கள். மேல்மாடியில் தளபாடம் இழுக்கும் சத்தம், சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசு, கடற்கரையோர ரயில் அதிர்வு எல்லாம் பழக நாள் எடுக்கும். நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு வேண்டாமென்றால், "இருந்தென்ன" என்ற பேச்சு வந்தால், வைத்திய உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். அவசர அம்புலன்ஸுக்கு 1990.

"அங்கிள் வரேல்லையோ?"

நான் அதிகம் கண்ட துயரம் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். தொடர்மாடியில் லிப்டுக்குள் நிற்கும் பத்து விநாடியில் கேட்டுவிடுவார்கள்: "அன்ரி, அங்கிள் ஊரிலையோ?"

இதற்கு என்ன பதில் என்று பிள்ளைகள் தீர்மானிக்கக் கூடாது. "அப்பா வெளிநாட்டில என்று சொல்லுங்கோ" என்று சொல்லிக்கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அந்தத் தாய் பக்கத்து வீட்டாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா ஒரு மாதம் யோசித்துத் தானே ஒரு வசனம் தேடிக்கொண்டார்: "நாங்கள் பிரிஞ்சிட்டம். நான் சுகமா இருக்கிறன்." அதற்கு மேல் கேட்டவர்கள் குறைவு. கேட்ட ஒருவர் பின்னர் தன் மகளின் கதையைச் சொல்லி அழுதார்.

தாலியும் பொட்டும் இதே வகை. விவாகரத்தின் பின் தாலியை வைத்திருப்பதா, கழற்றுவதா, உருக்குவதா என்பதைச் சட்டமோ பிள்ளையோ ஐயரோ சொல்ல வேண்டியதில்லை. மங்கல காரியங்களில் அவரை ஒதுக்கி நிறுத்தும் உறவினர் இருப்பார்கள். அங்கே பேச வேண்டியவர்கள் நாங்கள். என் மைத்துனியின் வீட்டு நிகழ்வில் ஆரத்தி எடுக்க அம்மாவை அழைக்காதபோது, "ஏன் அம்மாவைக் கூப்பிடேல்லை?" என்று நான் சபையில் கேட்டேன். சண்டை பிடிக்கத் தேவையில்லை. கேள்வி கேட்கப்பட்டால் போதும்.

பிரிந்த தந்தையர்

தந்தையர் பற்றியும் சொல்ல வேண்டும். சமையலறைக்குள் போகாமல் அறுபது வருடம் வாழ்ந்தவர் தனி வீட்டில் கடைச் சாப்பாட்டிலும், சிலர் குடியிலும் கரைந்துபோகிறார்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை இதுவரை மனைவியே எடுத்துக் கொடுத்திருப்பார். அவருக்கு மருந்துப் பெட்டியை நாள்வாரியாகப் பிரிக்கவும், சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். துக்கம் விசாரிக்கத் தெரியாத சமூகத்தில் ஆண்கள் யாரிடமும் பேசுவதில்லை. பழைய நண்பர் ஒருவரை வாரமொருமுறை வரச் சொல்லுங்கள்.

யார் பக்கம் நியாயம் இருந்தாலும், ஒருவரின் செய்தியை மற்றவருக்குக் காவும் வேலையை ஏற்காதீர்கள். ஒருவரின் புதிய வீட்டுச் செலவை மற்றவரிடம் சொல்லாதீர்கள். நான் அப்பாவிடம் போகும் நாளை அம்மாவுக்கு மறைப்பதில்லை. அங்கே என்ன பேசினோம் என்று சொல்வதுமில்லை.

நாளுக்கு ஒரு வேலை

வளவில் காலை எழும்பினால் கூட்ட முற்றம் இருக்கும், பூ ஆய மரமிருக்கும், வேலியால் கூப்பிட ஆளிருக்கும். தொடர்மாடியில் ஒன்பது மணிக்கே வேலை முடிந்துவிடும். மீதி நாள் தொலைக்காட்சி நாடகம்தான். இதை உடைக்க நிரந்தரமான போக்கிடம் ஒன்று வேண்டும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. மயூராபதி அம்மன் கோயிலும், சற்றுத் தள்ளிப் பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில்களும் இருக்கின்றன. பின்னேரம் கடற்கரை வீதியில் நடப்பவர்களும் பலர். எங்கே என்பதை அவர் தெரியட்டும். முதல் சில நாள் கூடப் போங்கள். பிறகு தனியே விடுங்கள்.

பல்கனியில் கறிவேப்பிலை, துளசி, பச்சை மிளகாய் ஆகியவை சாடியில் வளரும். கீழ்வீட்டுப் பல்கனியில் தண்ணீர் ஒழுகாமல் அடியில் தட்டு வைத்தால் சண்டை வராது. உடுப்பை எங்கே காயவிடலாம் என்பதையும் முதலே கேளுங்கள். சில கட்டடங்களில் பல்கனிக் கொடிக்கு அனுமதியில்லை.

அவர் கையில் அவருடைய பணம் இருக்க வேண்டும். மாதம் ஐயாயிரம் ரூபாய் என்றாலும் கணக்குக் கேட்காத பணமாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை பிள்ளை பார்க்கவே கொழும்புக்கு அழைத்துவிட்டு, "அம்மாவை வைச்சுப் பார்க்கிறன்" என்று சொல்வது நியாயமில்லை. எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் என்று அவரைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரும் உரிமையைத் தருகிறது. அதற்குப் பதிலாக உழைப்பைத் திருப்பித் தர வேண்டுமென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

திரும்பிப் போகலாமா?

ஊருக்கான வழியை அடைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்கள் வெள்ளவத்தையிலேயே ஏற்றுகின்றன. 2014 முதல் யாழ் தேவியும் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடுகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கோ ஊர்க் கோயில் திருவிழாவுக்கோ போகும் நாள்களை வருடத் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். விவாகரத்து வெட்கத்தில் முதல் வருடம் போக மாட்டேன் என்பார்கள். இரண்டாம் வருடம் மீண்டும் கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதுங்கள். அது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பெற்றோருடன் இருந்து பேசுங்கள். இங்கேயே இருப்பதா, வேறு மாடி பார்ப்பதா, ஊரில் தன் காணியில் ஒரு சிறு வீடு கட்டிப் போவதா? எந்தப் பதில் வந்தாலும் அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். அம்மா முதல் வருட முடிவில் இன்னொரு வருடம் இருக்கிறேன் என்றார். இரண்டாம் ஒப்பந்தத்தின்போது வாடகைப் பேரத்தை அவரே பேசினார். மீதமுள்ள சீதனக் காணியில் வருகிற வருடம் கிணறு இறைக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது அவருடைய வீடு என்பதை இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.